படத்தின் இருப்பிடத் தகவலை அழித்து அனுப்பினாலும் வீடு தெரிந்துவிடும்

பலர் எடுத்த படங்களைச் சேர்த்து ஓர் இடத்தை 3டி-யில் கட்டித் தருவது என் தொழில். இடிக்கப்போகும் பழைய வீட்டுக்குள் உறவுகள் எல்லோரும் திரும்ப நடந்து பார்க்கவேண்டும் என்று கேட்டு வருகிறார்கள், அருமையான ஆசை அது. படம் கேட்டதும் ஆளாளுக்கு அள்ளி அனுப்புவார்கள், ஆனால் அந்தப் படங்களுக்குள் வேறு என்னவெல்லாம் சேர்ந்து வருகிறது என்பது முக்கால்வாசிப் பேருக்குத் தெரிவதில்லை.

கேமராவுக்கு லொகேஷன் அனுமதி கொடுத்திருந்தால், படக்கோப்புக்குள் கண்ணுக்குத் தெரியாமல் சேரும் எக்ஸிஃப் என்ற தகவல் பகுதியில் அட்சரேகை, தீர்க்கரேகை, நேரம், பல போன்களில் கேமரா பார்த்த திசைகூடப் பதிந்துவிடும். திறந்தவெளியில் சில மீட்டர் துல்லியம். தலைமறைவாக இருந்த ஆன்டிவைரஸ் மென்பொருள் நிறுவனர் ஜான் மெக்காஃபி குவாத்தமாலாவில் இருப்பது 2012-இல் வெளியே தெரிந்தது, ஒரு பத்திரிகை வெளியிட்ட படத்தில் இந்தத் தகவல் அழிக்கப்படாமல் இருந்ததால்தான்.

"சரி, அதை அழித்துவிட்டு அனுப்புகிறேன்" என்பார்கள். ஒற்றைப் படத்துக்கு அது ஓரளவு போதும், கூட்டாகக் கட்டும் 3டி-க்குப் போதாது. மென்பொருள் ஜன்னல் மூலை, சுவர்க் கீறல் மாதிரியான புள்ளிகளைப் படத்துக்குப் படம் பொருத்திப் பார்த்து, ஒவ்வொன்றும் எங்கே நின்று எடுக்கப்பட்டது என்று கணக்குப் போடுகிறது. இந்தப் பொருத்தத்தை மட்டும் வைத்துப் பூமியில் அந்த வீடு எங்கே இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. ஆனால் வேறு யாரோ அனுப்பிய நாலைந்து படங்களில் ஜிபிஎஸ் இருந்துவிட்டால் மொத்த 3டி மாதிரியும் வரைபடத்தில் போய் உட்கார்ந்துவிடும், நீங்கள் கவனமாக அழித்து அனுப்பிய படமும் அதோடு சேர்ந்துதான். வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இணையத்தில் கிடந்த சுற்றுலாப் படங்களை வைத்தே ரோம் நகரின் கட்டடங்களை ஒரு நாளுக்குள் கட்டிக் காட்டியது 2009-இல். அன்று அதற்கு நூற்றுக்கணக்கான பிராசஸர்கள் வேண்டியிருந்தது, ஒரு வீட்டுக்கு இன்று ஒரு நல்ல கணினி போதும்.

இன்னொன்று. நடமாடுகிற ஆட்கள் இந்தக் கணக்கில் பெரும்பாலும் மங்கிப்போவார்கள், அசையாத பொருள்கள்தான் தெளிவாக நிற்கும். மேஜை மேல் கிடக்கும் மருந்துச் சீட்டு, கதவுப் பூட்டின் வகை, எந்த ஜன்னலுக்குக் கம்பி இல்லை என்பது, எல்லாம் அளவோடு வந்துவிடும். நான் வேலையைத் தொடங்கும் முன் படங்களைப் பெரிதாக்கிக் காகிதங்களையும் பெயர்ப்பலகைகளையும் மறைப்பது இதனால்தான்.

வாட்ஸ்அப்பில் சாதாரணமாகப் படமாக அனுப்பினால் எக்ஸிஃப் போய்விடும், தரமும் குறையும். தரம் குறையக்கூடாது என்று எங்களைப் போன்றவர்கள் 'டாக்குமெண்டாக அனுப்புங்கள்' என்போம், அப்படி அனுப்பினால் இருப்பிடமும் அப்படியே கூட வரும்! அதனால் குடியிருக்கும் வீடு என்றால், படம் தருகிற அத்தனை பேரும் அனுப்புவதற்கு முன்பே இருப்பிடத்தை நீக்கிவிட வேண்டும், ஒருவர் விட்டாலும் பயனில்லை. 'அளவு சரியாக வர ஜிபிஎஸ் வேண்டும்' என்று கட்டுகிறவர் சொன்னால், ஒரு கதவின் அகலத்தை டேப் வைத்து அளந்து சொல்லுங்கள், அது போதும், பெரும்பாலும் ஜிபிஎஸ்-ஐ விடத் துல்லியமாகவே வரும்.

அப்புறம், கட்டி முடித்த பிறகு உங்கள் படத்தை அழிக்கச் சொன்னால் கோப்பு போகும், அதிலிருந்து உருவான சுவரும் மேஜையும் மாதிரியில் அப்படியே இருக்கும். அதை எடுக்க அந்தப் படம் இல்லாமல் திரும்பக் கட்ட வேண்டும். கேட்டால் செய்து தருவீர்களா, பகிர்ந்த லிங்க் யார் யாருக்குத் திறக்கும் என்ற இரண்டையும் படம் கொடுப்பதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.