மரணம் முதலில் குறையும், பிறப்பு பிறகு குறையும்

1946இல் இலங்கையில் ஆயிரம் பேருக்கு ஏறக்குறைய 20 பேர் இறந்தார்கள். மறு ஆண்டில் அந்த எண் 14 அளவுக்கு இறங்கியது. பிறந்து ஒரு வயதுக்குள் இறந்த குழந்தைகள் ஆயிரத்துக்கு 141 ஆக இருந்து 101 ஆகக் குறைந்தார்கள். ஐரோப்பிய நாடுகள் பல தசாப்தங்களில் கடந்த தூரம் இது. அந்த ஓராண்டில் நாடு பணக்கார நாடாகிவிடவில்லை என்பதைத்தான் கவனிக்க வேண்டும்.

உயர்தரத்தில் புவியியல் படித்தவர்களுக்குக் குடித்தொகை நிலைமாற்ற வரைபடம் நினைவிருக்கும். வாரன் தொம்சன் என்ற அமெரிக்கர் 1929இல் அதற்கு அடித்தளமிட்டார். முதலில் பிறப்பும் இறப்பும் உயர்ந்திருக்கும். பிறகு இறப்பு மட்டும் இறங்கும். பிறப்பு பழைய உயரத்திலேயே நிற்பதால் சனத்தொகை பெருகும். பல ஆண்டுகள் கழித்தே பிறப்பும் இறங்கி, இரண்டும் தாழ்ந்த மட்டத்தில் சந்திக்கும்.

இறப்பு ஏன் முந்திக்கொள்கிறது? நோயைத் தடுக்க ஓர் அரசு முடிவெடுத்தால் போதும். எத்தனை பிள்ளைகள் என்பதையோ ஒவ்வொரு குடும்பமும் தனித்தனியே தீர்மானிக்க வேண்டும்.

1934இல் மழை பொய்த்து ஆறுகள் வற்றி, குட்டைகளாகத் தேங்கிய நீரில் மலேரியா நுளம்பு பெருகியது. அடுத்த சில மாதங்களில் சுமார் 80,000 பேர் மாண்டார்கள். உலகப் போர் முடியும் தறுவாயில் டி.டி.டி. மருந்து வந்து, வீட்டுச் சுவர்களில் தெளிக்கப்பட்டது. 1947இன் வீழ்ச்சிக்கு அதுவே காரணம் என்று நெடுநாள் சொல்லப்பட்டது. ஆனால் மலேரியா அதிகம் தொடாத மாவட்டங்களிலும் மரணம் குறைந்திருக்கிறது. கிராமிய மருத்துவமனைகள், பங்கீட்டு அரிசி, 1926இல் களுத்துறையில் தொடங்கிப் பரவிய சுகாதாரப் பிரிவுகள் ஆகியவற்றுக்கும் பங்குண்டு. வீடு வீடாகப் போன மருத்துவ மாதுகளுக்கு உரிய இடத்தை வரலாறு இன்னும் கொடுக்கவில்லை என்பேன். கர்ப்பிணி எந்த வீட்டில் இருக்கிறாள், எந்தக் குழந்தைக்கு எடை ஏறவில்லை என்பதைப் பெயர் சொல்லி அறிந்திருந்தவர்கள் அவர்கள்.

குறைந்த இறப்புக்கும் குறையாத பிறப்புக்கும் இடையிலான இடைவெளியின் விளைவு வேகமாகத் தெரிந்தது. 1946இல் 66 இலட்சமாக இருந்த சனத்தொகை 1971இல் 127 இலட்சத்தை எட்டியது.

பிறப்பு இறங்க மூன்று காரியங்கள் கூடிவர வேண்டியிருந்தன. பெற்ற பிள்ளை தங்கும் என்ற நம்பிக்கை முதலாவது. நாலில் இரண்டு பிள்ளைகளாவது மிஞ்சட்டும் என்று பெற்ற காலம் அதோடு போயிற்று. இரண்டாவது, 1945இல் வந்த இலவசக் கல்வி. படிக்கப் போன பெண் பிள்ளைகளின் திருமணம் தள்ளிப்போனது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெண்ணின் சராசரித் திருமண வயது 18 அளவில் இருந்தது. 1981இல் அது 24ஐத் தாண்டியது. மூன்றாவது கருத்தடை வசதி. இதற்கென ஒரு சங்கம் 1953இலேயே கொழும்பில் தொடங்கிவிட்டது. ஒரு பெண்ணுக்குச் சராசரியாக ஐந்து பிள்ளைகள் என்ற நிலை, நூற்றாண்டின் முடிவில் இரண்டை ஒட்டி வந்தது. இன்றைய கொழும்புப் பெற்றோரைக் கேட்டால் டியூஷன் காசையும் வீட்டு வாடகையையும் சேர்த்துச் சொல்வார்கள். வயலில் உதவிய பிள்ளை குடும்பத்துக்கு வரவு. நகரத்துப் பிள்ளைக்கோ இருபது வயது தாண்டியும் செலவுதான்.

பணம் பெருகினால் இவை தாமாக நடக்கும் என்பதை நம்ப முடியாதபடி செய்வது நம் மலையகம். நாட்டின் ஏற்றுமதி வருமானத்தில் பெரும்பங்கைத் தேயிலைதான் ஈட்டியது. அதைப் பறித்த தாய்மாரின் குழந்தைகளோ நாட்டுச் சராசரியைவிட மிக அதிகமாக இறந்தார்கள், அதுவும் பல தசாப்தங்களாக. 1974இன் உணவுத் தட்டுப்பாட்டில் நாடு முழுவதும் இறப்பு விகிதம் ஏறியபோது, தோட்டங்களிலேயே அந்த அடி மிகக் கொடூரமாக விழுந்தது. செல்வம் விளைந்த இடத்துக்குப் பள்ளிக்கூடமும் மருத்துவ வசதியும் வந்து சேரவில்லை. அவை வரத் தொடங்கிய பிறகுதான் லயன் அறைகளிலும் குழந்தைகள் தப்பினார்கள், குடும்பங்கள் சிறுத்தன.

இப்போது கணக்கு வேறு பக்கம் திரும்பியிருக்கிறது. 2012இல் மூன்றரை இலட்சத்துக்கு மேல் இருந்த ஆண்டுப் பிறப்புகள் 2023இல் இரண்டரை இலட்சத்துக்குக் கீழே வந்துவிட்டன. 2022 நெருக்கடியும், திருமண வயதினர் வெளிநாடு போவதும் இதை விரைவுபடுத்தின. வெள்ளவத்தை அடுக்குமாடிகளில் பிள்ளைகள் கனடாவிலும் இலண்டனிலும் இருக்க, தாய் தகப்பன் மட்டும் வாழும் வீடுகள் எத்தனை! அரச உத்தியோகம் பார்த்தவருக்கு ஓய்வூதியம் உண்டு. கடையில் நின்றவருக்குப் பிள்ளை அனுப்பும் காசுதான்.

முதியோர் பங்கு கூடுவதால் இறப்பு விகிதமும் இனி ஏறும். அதைப் பார்த்து மருத்துவமனைகள் கெட்டுவிட்டன என்று முடிவுகட்டக் கூடாது. ஜப்பானில் ஆண்டுக்கு ஆயிரம் பேருக்கு 12க்கு மேல் இறக்கிறார்கள். இலங்கையில் அதைவிடக் குறைவு. ஆனாலும் அங்கு பிறக்கும் குழந்தையே நம் குழந்தையைவிட நீண்டகாலம் வாழும்.