கடைசி இலக்கம் செய்யும் வேலை

யாழ்ப்பாணத்திலிருந்து தாதிய உத்தியோகத்தர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "எங்கள் வைத்தியசாலையில் நோயாளர் பதிவுக் கணினி முறைமையைப் புதுப்பிக்கப் போகிறார்கள். பயிற்சியின்போது கிளினிக் கொப்பியில் இருந்த இலக்கத்தைத் தட்டினேன். இடையில் ஒன்று மாறிவிட்டது. உடனே திரையில் சிவப்புக் கோடு வந்தது. அந்த நேரம் இணைப்பே இல்லை. பிழை என்று அதற்கு எப்படித் தெரிந்தது?"

கணினி எங்கும் தேடிப் பார்க்கவில்லை. சாட்சி அந்த எண்ணுக்குள்ளேயே இருக்கிறது. கடைசி இலக்கம் நோயாளரைக் குறிப்பதல்ல, முன்னால் உள்ள இலக்கங்களைச் சரிபார்ப்பதற்காகச் சேர்க்கப்பட்டது. இதற்குப் பல கணக்குமுறைகள் உண்டு. மிகப் பரவலானது ஐபிஎம் நிறுவனத்தில் இருந்த ஹான்ஸ் பீட்டர் லூன் உருவாக்கியது. 1960இல் காப்புரிமை பெற்றது. கடன் அட்டைகளிலும் இதுதான்.

472613 என்று ஓர் எண்ணை எடுப்போம். வலப்பக்கத்திலிருந்து ஒன்றுவிட்டு ஒன்றை இரட்டிக்க வேண்டும். 3 ஆறாகும். 6 பன்னிரண்டாகும், அதன் இலக்கங்களைக் கூட்டினால் 3. 7 பதினான்காகும், கூட்டினால் 5. நடுவே உள்ள 1, 2, 4 அப்படியே இருக்கட்டும். மொத்தம் 21. அடுத்த பத்தின் மடங்கு 30. அதற்கு 9 குறைகிறது. ஆகவே முழு எண் 4726139. அவசரத்தில் 7ஐயும் 2ஐயும் இடம்மாற்றித் தட்டினால் கூட்டுத்தொகை 25 ஆகிவிடும், கடைசியில் 5 வரவேண்டும். ஆனால் இருப்பது 9. சிவப்புக் கோடு!

வெறுமனே கூட்டினால் என்ன, ஏன் இரட்டிக்க வேண்டும்? வெறும் கூட்டலில் 72ம் 27ம் ஒன்றுதான், இடம்மாறியது தெரியாது. சரி, இரட்டித்த பிறகு இலக்கங்களை ஏன் கூட்ட வேண்டும்? எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். 0 முதல் 4 வரை இரட்டித்தால் 0, 2, 4, 6, 8. 5 முதல் 9 வரை இரட்டித்துக் கூட்டினால் 1, 3, 5, 7, 9. பத்து இலக்கங்களுக்கும் பத்து வெவ்வேறு விடைகள், ஒன்றுகூட மோதவில்லை. அதனால் ஓர் இலக்கம் மட்டும் பிழைத்தால் அது தப்பவே முடியாது. பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம்மாறினாலும் அகப்படும், 09ம் 90ம் தவிர. இரட்டித்தாலும் மாறாத இலக்கங்கள் 0, 9 இரண்டும்தான் என்பதால் அந்த ஓட்டை. பிரித்தானியாவின் 10 இலக்கத் தேசிய சுகாதார எண் பதினொன்றால் வகுக்கும் வேறொரு கணக்கைப் பாவிக்கிறது. அதில் இந்த ஓட்டை இல்லை. பதிலுக்குச் சில எண்களை யாருக்கும் கொடுக்காமல் விட்டுவிட வேண்டியிருக்கிறது.

கைபேசியில் *#06# தட்டினால் வரும் 15 இலக்க எண்ணிலும் லூன் கணக்குதான். செய்து பாருங்கள்.

இனி பயிற்சி. புதுப்பிக்கும் இரவில் முறைமை சில மணிநேரம் மூடப்படும். எல்லாம் தாளில் எழுதப்படும், அப்புறம் விடிந்ததும் எல்லாவற்றையும் திரும்பத் தட்ட வேண்டும். நித்திரையில்லாத கண், அவசரக் கையெழுத்து: இலக்கங்கள் பிழைப்பது அப்போதுதான். எந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்று புரொஜெக்டரில் காட்டுவதைவிட, தாளில் இருந்து கணினிக்கு ஏற்றும் இந்த வேலையை ஒருமுறை ஒத்திகை பார்ப்பது பயன் தரும். கணினி வாங்கக் காசு ஒதுக்குகிறவர்கள், தாதியர் பயிற்சிக்குப் போகும் அரைநாளுக்கு விடுதியில் பதில் ஆள் போடவும் ஒதுக்க வேண்டும் என்பது என் கருத்து. தொடங்குவதற்குச் சுபநேரம் பார்ப்பவர்களுக்கும் ஒரு யோசனை: கிளினிக் நடக்காத போயா விடுமுறையைப் பாருங்கள். ராகுகாலத்தில் தொடங்கினாலும் கூட்டம் இருக்காது.

இந்தக் கணக்குக்குப் பிடிபடாத பிழை ஒன்று உண்டு. ஒரே விடுதியில் இரண்டு சிவகுமார்கள். மற்றவரின் கொப்பியை எடுத்து எண்ணைப் பிழையில்லாமல் தட்டிவிட்டீர்கள். கடைசி இலக்கம் பொருந்தும், கோடு வராது. "நீங்கள்தானே சிவகுமார்?" என்று கேட்டால் காது மந்தமான ஐயா எதற்கும் "ஓம்" என்றுதான் சொல்வார். பெயரையும் பிறந்த திகதியையும் அவர் வாயாலேயே சொல்லச் சொல்லிக் கேளுங்கள்.