நூற்றில் ஒரு பங்கு காட்பாடி

2019 ஜூலையில் ஜோலார்பேட்டையில் இருந்து சென்னை வில்லிவாக்கத்துக்குத் தண்ணீர் ரயில் போனது நினைவிருக்கிறதா? 50 வேகன், வேகனுக்கு 50,000 லிட்டர், மொத்தம் 25 லட்சம் லிட்டர். அப்போது ஜோலார்பேட்டை நம்ம வேலூர் மாவட்டத்தில்தான் இருந்தது, திருப்பத்தூர் தனி மாவட்டமாகப் பிரிந்தது அதே வருடம் நவம்பரில். அந்த ரயிலைத்தான் காட்பாடியில் எங்கள் வாடகை வீட்டு மாடி அறையில் நூற்றில் ஒரு பங்கு அளவில் செய்துகொண்டிருக்கிறேன். அளவு நூற்றில் ஒன்று என்றால் தண்ணீர் எவ்வளவு பிடிக்கும் என்று மகனிடம் கேட்டேன். "இருபத்தஞ்சாயிரம் லிட்டர்" என்றான் யோசிக்காமல். கிடையாது. நீளம், அகலம், உயரம் மூன்றும் தனித்தனியாக நூறு மடங்கு குறைகின்றன, ஆக மொத்தத்தில் பத்து லட்சம் மடங்கு. ஒரு வேகனுக்கு 50 மில்லி, அதாவது அரை டீ கிளாஸ். 50 வேகனும் சேர்ந்து இரண்டரை லிட்டர்.

மாடல் ரயில் விஷயத்தில் பணம் வீணாவதும் மிச்சமாவதும் இந்தக் கணக்கில்தான் இருக்கிறது. சுருக்கினால் எல்லாம் ஒரே மாதிரி சுருங்காது. எது சுருங்கும், எது அடம்பிடிக்கும் என்று தெரிந்துவிட்டால் எதற்குக் காசு கொடுக்கலாம், எதை அட்டையில் வெட்டிக்கொள்ளலாம் என்பதும் தெரிந்துவிடும்.

முதலில் விலை. வெளிநாட்டு எஞ்சின் ஒன்று வாங்கப் போனால் பதினைந்தாயிரம் எல்லாம் சர்வசாதாரணம். பொம்மைகளும் மாடல் ரயில்களும் வருகிற இறக்குமதிப் பிரிவில் அடிப்படை சுங்க வரி 20 சதவீதமாக இருந்தது, 2020-இல் 60 ஆனது, 2023-இல் 70. வாடகை, சிலிண்டர், பள்ளிக் கட்டணம் எல்லாம் கழித்து மாசக் கடைசியில் மிஞ்சுகிற துட்டில் அது நடக்கிற காரியமா? அதனால் நான் எஞ்சினே வாங்கவில்லை. மாடல் ரயில் சாமான்களில் தண்டவாளமும் சக்கரமும் மட்டும் காசு கொடுத்து வாங்கினேன், ஏன் அந்த இரண்டும் மட்டும் என்று பிறகு சொல்கிறேன்.

கடையில் சுலபமாகக் கிடைக்கும் மாடல் தண்டவாளம் 16.5 மில்லிமீட்டர் அகலம். இது 87-இல் ஒரு பங்கு அளவுக்கு, அதாவது ஹெச்.ஓ. என்று சொல்லப்படும் அளவுக்கு உருவானது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஓடும் 1435 மி.மீ. பாதையைச் சுருக்கினால் 16.5 வரும். நம்ம பிராட்கேஜ் 1676 மி.மீ. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்தில் இருந்து நம்ம பக்கத்து வாலாஜா ரோடு வரைக்கும் ஓடியதே, அன்றைக்கே அந்த அகலம்தான். அதை 87-ஆல் வகுத்தால் 19.3 மி.மீ. வருகிறது, அப்படி ஒரு தண்டவாளம் எந்தக் கடையிலும் கிடைக்காது. ஆனால் 100-ஆல் வகுத்துப் பாருங்கள்: 16.76. கடைத் தண்டவாளத்துக்கும் அதற்கும் வித்தியாசம் கால் மில்லிமீட்டர்தான், கண்ணுக்கே தெரியாது. இதில் இன்னொரு லாபமும் உண்டு. கட்டடக் கலை படிக்கும் மாணவர்கள் மாடல் செய்ய வாங்கும் குட்டி மனிதர்களும் மரங்களும் இதே நூற்றில் ஒரு பங்கு அளவில் சல்லிசாகக் கிடைக்கின்றன. கணக்கும் சுலபம், நிஜத்தில் ஒரு மீட்டர் என்றால் இங்கே ஒரு சென்டிமீட்டர். சென்னை ஐ.சி.எஃப். தொழிற்சாலையின் பயணிகள் பெட்டி 21 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேல், சென்னை சென்ட்ரல் இங்கிருந்து ஒன்றே கால் கிலோமீட்டர் சொச்சம்.

சுருங்க மறுக்கிற முதல் ஆள் வளைவு. பிராட்கேஜில் அனுமதிக்கப்படும் மிகக் குறுகிய வளைவின் ஆரம் 175 மீட்டர். நமக்கு அது 1.75 மீட்டர், ஒரு வட்டம் போட மூன்றரை மீட்டர் அகலம் வேண்டும், அது எங்கள் மொத்த அறை. கடையில் விற்கும் வளைவுத் துண்டுகளோ 36 சென்டிமீட்டர் ஆரத்தில் இருந்து ஆரம்பிக்கின்றன. அதில் நீளப் பெட்டியை ஓட்டினால் பெட்டியின் நடுப்பகுதி உள்பக்கமும் முனைகள் வெளிப்பக்கமும் துருத்திக்கொண்டு, நெருக்கமான சந்தில் லாரி திரும்புவது மாதிரி அசிங்கமாக இருக்கும். அதனால் வட்டமே வேண்டாம் என்று விட்டுவிட்டேன். சுவரோரமாக 12 அடி நீளம், ஒரு அடி அகலத்தில் ஒரு பிளைவுட் பலகை, அதில் இந்த முனையில் இருந்து அந்த முனைக்கு ரயில் போகும், திரும்பி வரும். வட்டம் சுற்றுவதை விட இது எனக்குப் பிடித்திருக்கிறது, காட்பாடியில் நின்று ரயில் பார்ப்பவன் யாரும் அது வட்டம் அடித்து வருவதைப் பார்ப்பதில்லை.

இப்போது சக்கரம். ரயில் சக்கரம் உருளை இல்லை, லேசாகச் சரிந்த கூம்பு. வீட்டிலேயே இதைச் செய்து பார்க்கலாம். இரண்டு பேப்பர் கப்களின் அகலமான வாய்களை எதிரெதிராக வைத்து டேப் ஒட்டுங்கள். இரண்டு நீளக் குச்சிகளை இணையாகச் சரிவில் வைத்து, கப்களை அதன் மேல் உருட்டி விடுங்கள். ஒரு பக்கம் ஒதுங்கினால் தானாக நடுவுக்குத் திரும்பி வரும், ஏனென்றால் எந்தப் பக்கம் ஒதுங்குகிறதோ அந்தப் பக்கக் குச்சியில் கப்பின் பெருத்த பாகம் பட்டு, அந்தப் பக்கம் ஒரு சுற்றுக்கு அதிக தூரம் ஓடி, மொத்தத்தையும் திருப்பிவிடும். இப்போது கப்களின் சிறிய அடிப்பக்கங்களைச் சேர்த்து ஒட்டி உருட்டுங்கள், இரண்டு சாண் போவதற்குள் கவிழும். நிஜ ரயிலைப் பெரும்பாலும் இந்தச் சரிவுதான் பாதையில் வைத்திருக்கிறது, உள்பக்க விளிம்பு கடைசிக் காவல்தான். மாடலில் விளிம்புக்கு வேலை அதிகம். இரண்டு சக்கரத்துக்கும் நடுவில் உள்ள இடைவெளி அரை மில்லிமீட்டர் தவறினாலும் இணைப்புகளில் ஏறிக் குதிக்கும். வீட்டில் அறுத்து ராவிச் செய்கிற சமாச்சாரம் இல்லை இது, அதனால்தான் இதற்குக் காசு.

சக்கரத்துக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது, மின்சாரம் எடுப்பது. 12 வோல்ட் டி.சி. ஒரு தண்டவாளத்தில் வந்து, அந்தப் பக்கச் சக்கரம் வழியாக மோட்டாருக்குள் போய், மறுபக்கச் சக்கரம் வழியாக அடுத்த தண்டவாளத்துக்குத் திரும்ப வேண்டும். முனைகளை மாற்றிக் கொடுத்தால் ரயில் பின்னால் ஓடும். ஆகவே ஒரே அச்சில் இருக்கும் இரண்டு சக்கரமும் உலோகத்தால் தொட்டுக்கொள்ளக் கூடாது, ஒன்றுக்காவது நடுவில் பிளாஸ்டிக் புஷ் இருக்க வேண்டும். இது தெரியாமல் முதல் எஞ்சினில் வெறும் இரும்பு அச்சைக் கோர்த்தேன். பாதையில் வைத்த நொடியே அடாப்டரின் பச்சை விளக்கு அணைந்தது. பழைய வைஃபை ரௌட்டரின் அடாப்டர் அது, நல்லவேளையாக ஷார்ட் ஆனால் தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும் ரகம்.

மோட்டாருக்காக லாங் பஜார் பக்கம் ஒரு ரிப்பேர் கடைக்குப் போனேன். சக்கரக் கணக்கை விவரமாகச் சொன்னதும் கடைக்காரர் சிரித்தார். "இன்னா சார், பொம்ம ரயிலுக்கா இவ்ளோ அக்கப்போரு?" அக்கப்போர் இதுதான்: நிஜ மின் எஞ்சின் சக்கரத்தின் விட்டம் 1092 மி.மீ., நமக்கு 11. ஒரு சுற்றுக்கு மூன்றரை சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக நகரும். சரக்கு ரயில் மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொண்டால் இங்கே நொடிக்கு 16.7 செ.மீ., அதற்குச் சக்கரம் நிமிடத்துக்கு சுமார் 290 சுற்று சுற்ற வேண்டும். 300 ஆர்.பி.எம். என்20 கியர் மோட்டார் அச்சாகப் பொருந்தியது. சுண்டு விரல் தடிமன்தான், இருநூறு ரூபாய்க்குள் முடிந்தது.

ஆனால் மோட்டார் மாட்டி ஓட்டினால் வேறு தொல்லை. வோல்ட்டேஜை மெதுவாக ஏற்றுகிறேன், 2, 3, 4, ரயில் அசையவே இல்லை, திடீரென்று எகிறி ஓடுகிறது. அரிசி மூட்டையைத் தரையில் தள்ளிப் பார்த்தவர்களுக்கு இது தெரியும், நகர்கிற வரைக்கும்தான் கஷ்டம், நகர ஆரம்பித்ததும் குறைந்த பலமே போதும். கியர் பற்களிலும் அச்சுகளிலும் இருக்கிற உராய்வும் அப்படித்தான். இதற்கு மருந்து, வோல்ட்டேஜைக் குறைக்காமல் நேரத்தைக் குறைப்பது. முழு 12 வோல்ட்டையும் கொடு, ஆனால் ஒரு நொடியில் நூற்றுக்கணக்கான தடவை விட்டுவிட்டுக் கொடு. ஒவ்வொரு துடிப்பும் முழு பலத்தோடு இடிக்கும், பிடித்துக்கொண்டிருப்பது விடுபடும்; துடிப்பு நீளமா குட்டையா என்பதுதான் சராசரி வேகத்தைத் தீர்மானிக்கும். பி.டபிள்யூ.எம். என்பது இவ்வளவுதான், வீட்டு எல்.இ.டி. விளக்கை மங்கலாக்குவதும் அநேகமாக இதே வித்தைதான். புரோகிராம் எழுதி ஓட்டுகிற குட்டி சர்க்யூட் பலகையான ஆர்டுயினோ ஒன்று, அது சொல்கிறபடி மோட்டாருக்குக் கரண்டை விட்டு நிறுத்துகிற எல்298 டிரைவர் ஒன்று, திருகுவதற்கு ஒரு பழைய ரேடியோ வால்யூம் குமிழ், இவ்வளவு போதும். ஆர்டுயினோ சாதாரணமாக நொடிக்கு 490 தடவை துடிக்கும், எஞ்சின் காதோரம் கொசு பறப்பது மாதிரி ரீங்காரமிடும். துடிப்பை 20,000-க்கு மேல் ஏற்றினால் காதுக்குக் கேட்காது, ஆனால் மோட்டாரின் கம்பிச் சுருள் அவ்வளவு வேகமான துடிப்புகளை மழுப்பிச் சமன் செய்துவிடுவதால் அந்த இடிக்கிற குணமும் போய்விடும். நான் கொசுவோடு வாழப் பழகிக்கொண்டேன்.

அடுத்தது நிற்பது. இதை விளக்காமல் விட மனசு வரவில்லை, ஏனென்றால் மாடல் ரயில் பொம்மை மாதிரித் தெரிவதற்கு முக்கியக் காரணமே இதுதான். பிரேக் போட்டு ஒரு கிலோமீட்டர் ஓடி நிற்கிற நிஜ ரயில் ஒன்று இருக்கிறது, நம் அளவில் அது 10 மீட்டர் ஓடி நிற்க வேண்டும். ஆனால் நிற்கும் தூரம் வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. வேகம் நூறு மடங்கு குறைந்தால் அந்தத் தூரம் பத்தாயிரம் மடங்கு குறைந்துவிடும், அதாவது 10 செ.மீ. புவியீர்ப்பு நமக்காகத் தன்னைச் சுருக்கிக்கொள்ளவில்லையே! கியரின் இழுவையும் சேர்ந்தால் கரண்டை நிறுத்திய இடத்திலேயே டக்கென்று நிற்கும். விலை உயர்ந்த எஞ்சின்களில் கனமான பித்தளைச் சுழல்சக்கரம் வைப்பது இதற்காகத்தான். அதற்குப் பதிலாக நான் பத்து வரி புரோகிராம் எழுதினேன், குமிழை எவ்வளவு வேகமாகத் திருகினாலும் துடிப்பின் நீளம் படிப்படியாகத்தான் குறையும். 25 லட்சம் லிட்டர் தண்ணீரின் உந்தம் எங்கள் மாடியில் பத்து வரியில் இருக்கிறது, செலவு ஒன்றுமில்லை.

எடையிலும் அதே கதைதான். 123 டன் எடையுள்ள டபிள்யூ.ஏ.பி.-7 எஞ்சின் பத்து லட்சத்தால் வகுபட்டு 123 கிராம் ஆகிவிடுகிறது. வேகன்கள் அதை விட மோசம், காற்றில் ஆடும் காகிதம் மாதிரி. என் வேகன்கள் பிளம்பர் அறுத்துப் போட்ட ஒரு இஞ்ச் பி.வி.சி. பைப் துண்டுகள், இரண்டு முனையிலும் அட்டை மூடி. அளவுக்குச் சரியான எடையில் விட்டால் சின்ன மேட்டில்கூடத் தடம் புரளும், அதனால் அடிப்பாகத்தில் நட்டும் வாஷரும் ஒட்டி ஒவ்வொன்றையும் 100 கிராமுக்குக் கொண்டுவந்தேன். எடை கீழே இருக்க வேண்டும், மேலே போனால் கவிழ்க்கும்.

ஜல்லிக்கும் கணக்கு உண்டு. நம்ம ரயில் பாதை ஜல்லியின் பெயரளவு 65 மி.மீ., நமக்கு 0.65. பக்கத்து வீட்டுக் கட்டுமானத்தில் மிஞ்சிய ஆற்று மணலை டீ வடிகட்டியில் சலித்து, கீழே விழுந்ததை மறுபடி மாவுச் சல்லடையில் சலித்து, அதில் நின்றதை எடுத்துக்கொண்டேன். ("ஏங்க, அது இடியாப்ப மாவு சலிக்கிறது!" அப்புறம் புதுச் சல்லடை வாங்கிக் கொடுத்தேன், அதையும் செலவுக் கணக்கில் சேர்க்கணும்.) பாதையில் கொட்டுவதற்கு முன், ஒரு ஓட்டை ஸ்பீக்கரின் காந்தத்தைப் பாலிதீன் பையில் சுற்றி மணலில் துழாவினேன். வெளியே எடுத்தால் பையெல்லாம் கருப்பு மீசை! ஆற்று மணலில் இருக்கும் இரும்புத் தாது அது. எடுக்காமல் விட்டிருந்தால் ஒவ்வொரு துகளாக மோட்டாரின் காந்தம் இழுத்துக்கொண்டு கியரைத் தின்றிருக்கும். மணலை ஒட்டத் தண்ணீர் கலந்த ஃபெவிகால் போதும், ஆனால் வெறுமனே ஊற்றினால் சொட்டு உருண்டு மணல் மேல் முத்தாக நிற்கும், பரப்பு இழுவிசை உள்ளே இறங்க விடாது. ஒரு ரூபாய் ஷாம்பூவில் இரண்டு சொட்டு விட்டதும் உறிஞ்சிக்கொண்டது.

கரண்ட் பில்லைப் பற்றி வீட்டில் கேள்வி வந்தது. ஓடும்போது நாலு வாட்டுக்குக் கீழேதான் எடுக்கிறது, ஒரு யூனிட் தீர 250 மணி நேரத்துக்கு மேல் ஓட்ட வேண்டும். பேச்சு அதோடு முடிந்தது.

தொலைக்கோடி முனையில் ரயில் மெதுவாக ஊர்ந்தது வேறு பிரச்சினை. தெருவில் கடைசி வீட்டுக் குழாயில் தண்ணீர் சொட்டுகிற கதைதான், ஒவ்வொரு இணைப்புத் தகட்டிலும் கொஞ்சம் வோல்ட்டேஜ் செத்துக்கொண்டே போகிறது. அடியில் இரண்டு தடித்த கம்பி ஓட்டி, மூன்றடிக்கு ஒரு இடத்தில் தண்டவாளத்தோடு சால்டர் வைத்ததும் சரியாயிற்று. அந்த உற்சாகத்தில் இணைப்புகளையும் சேர்த்து சால்டர் வைத்து நான்கு துண்டையும் ஒரே கம்பியாக்கிவிட்டேன், மார்கழிக் குளிரில்.

மே மாதம் வந்தது. மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை, வேலூர் அக்னி நட்சத்திரம், கேட்கவா வேண்டும். 25 டிகிரி ஏறினால் மூன்றடித் தண்டவாளம் மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் கூடுதலாக நீளும், நான்கு துண்டுக்கும் சேர்த்து ஒன்றரை மி.மீ. கீழே இருக்கும் பிளைவுட் வெப்பத்துக்கு அந்த அளவு நீளாது. அந்த ஒன்றரை மி.மீ. எங்காவது போயாக வேண்டுமே, மதியம் இரண்டு மணிக்கு மாடி ஏறினால் பிளாட்பாரம் எதிரே பாதை பாம்பு மாதிரி நெளிந்து ஷாம்பூ ஃபெவிகாலைப் பெயர்த்துக்கொண்டு நின்றது. நிஜ ரயில்வேயில் கிலோமீட்டர் கணக்கில் பற்றவைத்த தண்டவாளத்தை ஜல்லியும் சிலீப்பரும் அமுக்கிப் பிடித்திருக்கின்றன, அப்படியும் கோடையில் உச்சி வெயில் நேரத்தில் ஆள் நடந்து பார்க்கிறார்கள்.

மூன்று இணைப்பையும் சால்டர் உருக்கிப் பிரித்தேன். ஒவ்வொன்றிலும் ஒரு விசிட்டிங் கார்டைச் செருகி, அந்தத் தடிமனுக்கு இடைவெளி விட்டு மறுபடி ஒட்டினேன். இப்போது எட்டு வேகன் தயார், மீதி 42. அந்த இடைவெளிகளைத் தாண்டும்போது ஒவ்வொரு சக்கரமும் டக் டக் என்கிறது. ஆறாவது வேகன் மட்டும் நடு இணைப்பில் இன்னும் குதிக்கிறது, வாஷர் ஒரு பக்கமாக ஒட்டியிருக்கும் என்று நினைக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை பிரித்துப் பார்க்க வேண்டும்.