ஃபோனிக்ஸ்: எழுத்தொலி முறை

மழலையர் பள்ளிகளின் விளம்பரப் பலகைகளில் இப்போது அடிக்கடி கண்ணில் படும் சொல் 'ஃபோனிக்ஸ்'. பெற்றோரிடம் பொருள் கேட்டால், ஆங்கிலத்தை வெள்ளைக்காரர் போல உச்சரிக்கக் கற்றுக்கொடுப்பது என்று பலர் சொல்வார்கள். உச்சரிப்பு அழகுக்கும் ஃபோனிக்ஸுக்கும் தொடர்பு மிகக் குறைவு. அது வாசிக்கக் கற்பிக்கும் முறை. எழுத்தைப் பார்த்தவுடன் அதற்குரிய ஒலியைச் சொல்லவும், அந்த ஒலிகளைக் கூட்டி, இதுவரை பார்த்தேயிராத சொல்லைக்கூடத் தானாகப் படிக்கவும் குழந்தையைப் பழக்குவது.

நம்மில் பலர் ஆங்கிலம் படித்த விதம் வேறு. 'பீ, ஈ, என் – பென்' என்று கோரஸாகச் சொன்னோம். பீ, ஈ, என் ஆகிய மூன்றும் எழுத்துகளின் பெயர்கள். அந்தப் பெயர்களை எவ்வளவு வேகமாகச் சேர்த்துச் சொன்னாலும் 'பீயீயென்' என்றுதான் வரும், 'பென்' வராது. 'ப், எ, ன்' என்று ஒலிகளைச் சொன்னால் 'பென்' தானே வந்து விழுகிறது. ஃபோனிக்ஸின் முதல் பாடம் இவ்வளவுதான்.

சொல்லின் வேர் கிரேக்கம். 'ஃபோனே' என்றால் குரல், ஒலி. டெலிஃபோன், கிராமஃபோன், மைக்ரோஃபோன் எல்லாவற்றிலும் இருப்பது அதே ஃபோனேதான். ஆங்கிலத்தில் முதலில் ஒலி பற்றிய அறிவியலுக்கு வழங்கிய இந்தச் சொல், பின்னாளில் வாசிப்புக் கற்பித்தலுக்கு வந்து நிலைத்தது. தமிழாக்கத்தில் சிக்கல் தொடங்குவதும் இங்கேதான். இயற்பியல், பொருளியல் போன்ற துறைகளின் ஆங்கிலப் பெயர்கள் 'இக்ஸ்' என்று முடிவதால், அந்த ஈற்றைக் கண்டதும் '-இயல்' சேர்ப்பது நமக்குப் பழகிவிட்டது. அப்படித்தான் ஃபோனிக்ஸ் 'ஒலியியல்' ஆகிறது. ஆனால் ஒலியியல் என்பது பேச்சொலிகள் வாயில் எப்படிப் பிறக்கின்றன, காதில் எப்படி விழுகின்றன என்று ஆராயும் மொழியியல் துறை. இயற்பியல் நூல்களிலும் அதே சொல் வேறு பொருளில் இருக்கிறது. ஒன்றாம் வகுப்பு ஆசிரியர் செய்யும் வேலை இவற்றில் எதுவும் இல்லை. 'ஒலிப்பு முறை' என்றும் சிலர் எழுதுகிறார்கள். அது உச்சரிப்பைக் குறித்து, மேலே சொன்ன தவறான எண்ணத்தையே உறுதிப்படுத்திவிடும்.

எழுத்து, ஒலி இரண்டும் சொல்லுக்குள் இருக்க வேண்டும். இரண்டின் உறவுதான் இங்கே கற்பிக்கப்படுகிறது. ஆகவே 'எழுத்தொலி முறை' என்பதே பொருத்தம் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

இந்த முறையின் உயிர்நாடியான செயலுக்குத் தமிழில் எப்போதோ பெயர் வைத்துவிட்டார்கள்: எழுத்துக்கூட்டிப் படித்தல். எவ்வளவு துல்லியமான சொல்! ஆனால் அதை நாம் குறையாகவே சொல்கிறோம். 'இரண்டாம் வகுப்பு வந்துவிட்டான், இன்னும் எழுத்துக்கூட்டித்தான் படிக்கிறான்.' எழுத்துக்கூட்டும் குழந்தை மிகச் சரியான வழியில் இருக்கிறது. கூட்டிக் கூட்டித்தான் வேகம் வரும். நான் கவலைப்படுவது, பக்கத்தை மனப்பாடம் செய்துவிட்டுப் படத்தைப் பார்த்துத் தடையில்லாமல் ஒப்பிக்கும் குழந்தையைப் பற்றித்தான். படத்தைக் கையால் மறைத்தால் அந்தக் குழந்தை திகைத்து நின்றுவிடும்.

எழுத்தின் அடியில் ஒலி இருக்கிறது என்பதும் நமக்குப் புதிதல்ல. 'மொழிமுதற் காரணமாம் அணுத்திரள் ஒலி எழுத்து' என்கிறது நன்னூல். சொல்லுக்கு முதற்காரணமான ஒலியே எழுத்து. தாளில் இருக்கும் கோடு அதன் வரிவடிவம் மட்டுமே. 'உயிர்மெய்' என்ற பெயருக்குள்ளேயே க் + ஆ = கா என்ற பாடம் இருக்கிறது.

இவ்வளவு தெளிவான விஷயத்துக்கு ஆங்கில நாடுகளில் ஏன் பெரும் சண்டை நடந்தது? அவர்களின் எழுத்துமுறை அப்படி. 26 எழுத்துகள், ஏறத்தாழ 44 ஒலிகள். ஓ, யூ, ஜி, எச் என்ற நான்கு எழுத்துகளின் அதே கூட்டம் 'த்ரூ'வில் 'ஊ', 'தோ'வில் 'ஓ', 'ரஃப்'பில் 'அஃப்'. நம் ககரமும் கடல், தங்கம், பகல் மூன்றிலும் வேறுவேறாக ஒலிக்கிறது. ஆனால் அது நிற்கும் இடமே ஒலியைச் சொல்லிவிடுவதால், தமிழ் பேசும் குழந்தை தடுமாறுவதில்லை.

ஆங்கிலத்தின் இந்தக் குழப்பத்தால், எழுத்தொலியை விட்டுவிட்டு முழுச் சொல்லாகப் பழக்குவோம், நல்ல கதைகளில் மூழ்கினால் வாசிப்பு தானே வரும் என்று நம்பியவர்கள் பலர். 1967இல் அமெரிக்கக் கல்வியாளர் கென் குட்மன், வாசிப்பை ஒருவகை ஊகிக்கும் விளையாட்டு என்று விளக்கினார். அதே ஆண்டில் ஹார்வர்டின் ஜீன் சால், அதுவரை நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, தொடக்கத்திலேயே எழுத்தொலி உறவைக் கற்பிப்பதே கூடுதல் பலன் தருகிறது என்ற முடிவுக்கு வந்தார். அமெரிக்காவின் தேசிய வாசிப்புக் குழு 2000ஆம் ஆண்டு அறிக்கையில் அதையே உறுதிசெய்தது. இங்கிலாந்தில் 2006இல் வந்த ஜிம் ரோஸ் அறிக்கையும் எழுத்தொலி முறையையே பரிந்துரைத்தது.

அதன் தொடர்ச்சியாக 2012 முதல் அங்கே முதலாம் ஆண்டுக் குழந்தைகளுக்கு ஒரு சிறு சோதனை நடக்கிறது. 40 சொற்கள், அவற்றில் 20 சொற்களுக்குப் பொருளே கிடையாது. பொருளற்ற சொல்லுக்குப் பக்கத்தில் விசித்திரமான கற்பனை உயிரின் படம் இருக்கும், அதன் பெயர் அது என்பது போல. தமிழில் 'கிமலு', 'தெவணி' என்று எழுதிக் காட்டினால் எப்படியோ அப்படி. இவற்றை யாரும் மனப்பாடம் செய்திருக்க முடியாது, ஊகிக்கவும் வழியில்லை. எழுத்துக்கூட்டத் தெரிந்த குழந்தை மட்டுமே படிக்கும்.

பாடத்திட்டம் வகுப்பதிலும் இதற்கு இடமுண்டு. அங்கே பல பள்ளிகள் ஏ, பி, சி வரிசையில் தொடங்குவதில்லை. எஸ், ஏ, டி, பீ, ஐ, என் என்ற ஆறிலிருந்து தொடங்குகின்றன. ஆறு ஒலிகள் வந்ததுமே டின், பின், டிப், ஸ்பின் என்று படித்துவிடலாம். நாம் வீட்டில் பன்னிரண்டு உயிரெழுத்துகளையும் முடித்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போகிறோம். அதுவரை குழந்தைக்குப் படிக்கக் கிடைக்கும் சொற்கள் 'ஆ', 'ஈ' போன்ற சிலவே. ட, ப, ம மூன்றையும் புள்ளியையும் கொடுத்துப் பாருங்கள். படம், மடம், பட்டம், மட்டம், படபட, மடமட.

எழுத்தொலி முறை மட்டும் போதும் என்று யாரும் சொல்லவில்லை. பொருள் புரிய மொழியறிவு வேண்டும். கஃப், டன்மர் என்ற ஆய்வாளர்கள் இருவர் 1986இல் இதைப் பெருக்கல் கணக்காகவே சொன்னார்கள்: எழுத்தைப் படிக்கும் திறனை மொழியறிவால் பெருக்கினால் வருவது வாசிப்புத் திறன். இரண்டில் எது பூஜ்யமானாலும் விடை பூஜ்யம்.

இனி இரண்டு துணைச் சொற்கள். 'சிந்தெடிக் ஃபோனிக்ஸ்' என்பதை அகராதியைப் பார்த்து 'செயற்கை' என்று பெயர்த்துவிடக் கூடாது. அங்கே சிந்தெடிக் என்பதற்குச் சேர்த்துக் கூட்டுவது என்று பொருள். 'கூட்டு எழுத்தொலி முறை' எனலாம். தெரிந்த சொல்லை உடைத்து ஒலிகளைக் காட்டும் மற்றொன்று 'பகுப்பு எழுத்தொலி முறை'. சேர்த்தெழுதுக, பிரித்தெழுதுக என்று தேர்வெழுதிய நமக்கு இந்த இரண்டும் எளிதில் விளங்கும்.

இன்னொன்று, எழுத்தே இல்லாமல் காதால் மட்டும் ஒலிகளைப் பிரித்தறியும் திறன். இதை 'ஒலியன் உணர்வு' எனலாம். புத்தகம், பலகை எதுவும் வேண்டாம். 'கல்' என்ற சொல்லில் முதல் ஒலியை எடுத்துவிட்டு 'ப்' போட்டால் என்ன வரும் என்று ஐந்து வயதுக் குழந்தையிடம் கேளுங்கள். சற்று யோசித்துவிட்டு, வாயைத் திறந்து தன் பல்லைத் தொட்டுக் காட்டும்.