யாருக்கு எந்தப் பயிற்சி தேவை? சிறு தொழிற்கூடங்களுக்கு ஜெட் சான்றிதழ் காட்டும் வழி

கிண்டியிலோ அம்பத்தூரிலோ சிறு தொழிற்கூடம் நடத்துவோரிடம் பேசினால், நல்ல ஆள் கிடைப்பதில்லை என்ற குறைதான் முதலில் வரும். இருக்கிற ஆட்களில் யாருக்கு எது தெரியும், எது தெரியாது என்று எழுதி வைத்திருக்கிறார்களா என்றால், அது பெரும்பாலும் முதலாளியின் மனக்கணக்காகவே இருக்கும். அதை எழுத்தில் கொண்டுவர, மத்திய குறு, சிறு, நடுத்தரத் தொழில் அமைச்சகம் 2022 ஏப்ரல் 28 அன்று தொடங்கிய ஜெட் சான்றிதழ்த் திட்டம் நல்ல கருவி என்பது என் கருத்து. ஜீரோ டிஃபெக்ட், ஜீரோ எஃபெக்ட் என்பதன் சுருக்கமே ஜெட். பொருளில் பழுதும் கூடாது, அதைச் செய்வதால் சுற்றுச்சூழலுக்குக் கேடும் கூடாது என்பது இதன் பொருள்.

உத்யம் என்னும் மத்திய அரசின் தொழில் பதிவைப் பெற்ற குறு, சிறு, நடுத்தர உற்பத்தி நிறுவனங்கள் இதற்கு இணையதளம் வழியே விண்ணப்பிக்கலாம். உறுதிமொழி ஏற்று, ஒவ்வொரு அளவுகோலிலும் தங்கள் நிலையைத் தாங்களே மதிப்பிட்டு, அதற்கான ஆவணங்களையும் படங்களையும் பதிவேற்ற வேண்டும். வெண்கலத்துக்கு 5, வெள்ளிக்கு 14, தங்கத்துக்கு 20 எனச் சான்றிதழின் நிலைக்கேற்ப அளவுகோல்கள் கூடும். வெண்கலத்தில் தலைமை, தூய்மை, பாதுகாப்பு, குறித்த நேரத்தில் அனுப்புதல், தரம் ஆகியவை மட்டுமே உள்ளன. ஊழியர்களின் திறனையும் பயிற்சியையும் பார்க்கும் மனிதவள மேலாண்மை வெள்ளியில்தான் வருகிறது. ஆகவே வெண்கலத்துக்கு மட்டும் விண்ணப்பிப்பவர்களும் அந்தப் பகுதியை முன்கூட்டியே படித்துப் பார்ப்பது நல்லது.

அதற்கு அடிப்படையாக ஒரு திறன் அட்டவணை போட்டுக்கொள்ளலாம். ஆறு பேர் வேலை செய்யும் லேத் பட்டறை என்றால், இடப்பக்கம் பெயர்களையும் மேலே வரைபடம் படித்தல், கணினி இயக்கும் சி.என்.சி. எந்திரத்தில் ஆஃப்செட் (வெட்டும் கருவிக்கான திருத்த அளவு) கொடுத்தல், நுண்ணளவு எடுக்கும் மைக்ரோமீட்டர் பார்த்தல் போன்ற வேலைகளையும் எழுதி, ஒவ்வொரு கட்டத்திலும் நான்கு கால்களாகப் பிரித்த ஒரு வட்டம் வரைய வேண்டும். ஒரு கால் நிரம்பியிருந்தால் கற்றுக்கொண்டிருக்கிறார். இரண்டு என்றால் மேற்பார்வையில் செய்வார். மூன்று என்றால் தனியே செய்வார். முழு வட்டம் என்றால் மற்றவருக்குக் கற்றுத் தருவார். ஆஃப்செட் என்பதன் கீழ் ஒரே ஒருவருக்கு மட்டும் மூன்று கால்களோ முழு வட்டமோ இருந்தால், அவர் விடுப்பு எடுக்கும் நாளில் எந்திரம் நிற்கும் என்பது உடனே புலப்படும்.

இந்த அட்டவணையைக் கழிவான பொருள்களின் பதிவேட்டோடு வைத்துப் பார்த்தால் இன்னும் தெளிவு கிடைக்கும். மைக்ரோமீட்டரில் அரை மில்லிமீட்டர் கோட்டைக் கவனிக்காமல் படிப்பவர் 12.75 என்பதை 12.25 என்று எழுதிவிடுவார். அவரை வெளிப் பயிற்சிக்கு அனுப்ப வேண்டியதில்லை. தெரிந்தவர் ஒருவர் ஒரு மதியவேளை அருகில் அமர்ந்து சொல்லிக் கொடுத்தாலே போதும். மதிப்பெண்ணுக்காகக் கட்டங்களை நிரப்பினால் இந்த வேறுபாடு தெரியாமல் போய்விடும் என்பதால், ஊழியர்களை உடன் வைத்துக்கொண்டு, இதனால் எவர் வேலைக்கும் சம்பளத்துக்கும் பாதகம் வராது என்று முதலிலேயே சொல்லிவிட்டு நிரப்புமாறு வேண்டுகிறேன்.

சான்றிதழ்க் கட்டணம் வெண்கலத்துக்கு ரூ.10,000, வெள்ளிக்கு ரூ.40,000, தங்கத்துக்கு ரூ.90,000. இதில் குறு நிறுவனங்களுக்கு 80 விழுக்காடும், சிறு நிறுவனங்களுக்கு 60 விழுக்காடும், நடுத்தர நிறுவனங்களுக்கு 50 விழுக்காடும் மானியம் உண்டு. பெண்கள் நடத்தும் நிறுவனங்களுக்குக் கட்டணம் முழுவதும் மானியமே. 2025 ஏப்ரல் முதல் முதலீடு ரூ.2.5 கோடிக்கும் விற்றுமுதல் ரூ.10 கோடிக்கும் மிகாதவை குறு நிறுவனங்கள் என்பதால், அம்பத்தூரின் பல பட்டறைகள் வெள்ளிச் சான்றிதழை ரூ.8,000-க்கே பெற முடியும்.

புதிதாக ஆள் சேர்த்துப் பழக்க வேண்டும் என்று அட்டவணை காட்டினால், தேசியத் தொழிற்பழகுநர் ஊக்குவிப்புத் திட்டம் உதவும். வேலை பழகுவோருக்கு நிறுவனம் தரும் உதவித்தொகையில் 25 விழுக்காட்டை, மாதம் ரூ.1,500 வரை, மத்திய அரசு ஏற்கிறது. 30 பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் இடத்தில் பழகுநர்களைச் சேர்ப்பது சட்டப்படி கட்டாயம்; 4 பேர் உள்ள இடத்திலும் விருப்பப்படி சேர்க்கலாம்.

சான்றிதழ் 3 ஆண்டுகளுக்குச் செல்லும். அட்டவணையை அவ்வளவு காலம் அப்படியே விடக்கூடாது. புது எந்திரம் இறங்கும்போதும், ஒருவர் வேலையை விட்டுப் போகும்போதும் அன்றே திருத்தி எழுத வேண்டும்.