பனியில் சட்டையில்லாமல் கிடந்தவர்

இரவுப் பணிக்குப் போகும்போது என் பையில் ஒரு துப்பறியும் நாவல் இருக்கும். பெரும்பாலும் ஒரே வகைதான். உறைந்த ஏரி, ஊருக்கு ஒரே போலீஸ்காரர், வாய் திறக்காத பூர்வகுடிக் கிழவர், பனியில் ஒரு பிணம். கனடாவின் வடக்கு மனிடோபாவில் அவசரப் பிரிவு மருத்துவராக இருக்கும் எனக்கு இதெல்லாம் ஊர்க்கதை மாதிரி, ரசித்துத்தான் படிக்கிறேன். ஒரு காட்சி வந்தால் மட்டும் எரிச்சலாகிவிடும். பெண்ணின் உடல் அரைகுறை ஆடையோடு கிடக்கும். பார்த்த மாத்திரத்தில் பாலியல் வன்முறை என்று துப்பறிபவர் முடிவுகட்டிவிடுவார்.

அவ்வளவு சுலபமில்லை.

ஒரு ஜனவரி இரவு, மைனஸ் 34 டிகிரி. ஸ்னோமொபைல் நின்றுபோய் நடக்கத் தொடங்கிய ஒருவரைத் தேடிப் போனார்கள். முதலில் கிடைத்தது கையுறை. கொஞ்சம் தள்ளித் தொப்பி, அப்புறம் ஜாக்கெட். ஆள் ஒரு மரத்தடிப் பள்ளத்தில் பனியனோடு சுருண்டு கிடந்தார். யாரோ அடித்துப் பிடுங்கியிருக்கிறார்கள் என்றுதான் தூக்கி வந்தவர்கள் சொன்னார்கள். பிழைத்துக் கண் விழித்த பிறகு அவரே சொன்னார், உடம்பெல்லாம் எரிந்தது, தாங்க முடியவில்லை என்று.

குளிரில் உடல் முதலில் தோலுக்குப் போகும் ரத்தக் குழாய்களை இறுக்கி, உள்ளுறுப்புகளுக்குச் சூட்டைச் சேமிக்கிறது. உடல் வெப்பம் 32 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்க இறங்க நடுக்கம் நின்றுபோகும், பேச்சு குழறும், புத்தி தடுமாறும். குழாய்களை இறுக்கிப் பிடித்த தசைகள் ஒரு கட்டத்தில் களைத்துத் தளர்ந்து, உள்ளே இருந்த சூடான ரத்தம் தோலுக்குப் பாய்கிறது என்பதுதான் பரவலான விளக்கம். உறையப் போகிறவருக்குப் புழுங்குகிறது, துணியைக் கழற்றுகிறார். பிறகு புதருக்குள்ளோ கட்டிலுக்கடியிலோ ஊர்ந்து ஒடுங்கிக்கொள்கிறார். அதில் முட்டியும் முழங்கையும் சிராய்த்திருக்கும். அதே இடங்களில் குளிரே உண்டாக்கும் செந்நிறத் திட்டுகளும் இருக்கலாம். அனுபவமில்லாத கண்ணுக்கு எல்லாமே போராடிய தடயம்.

பிணக்கூறாய்வில் இரைப்பையின் உட்சுவரில் கரும்புள்ளிகளைத் தேடுவார்கள். விஷ்னெவ்ஸ்கி என்ற ரஷ்ய மருத்துவர் 1895இல் விவரித்தவை அவை. எல்லா உடலிலும் இருக்காது. குளிரால்தான் சாவு என்று அடித்துச் சொல்லும் ஒற்றைச் சோதனை கிடையாது, மற்றதையெல்லாம் விலக்கிவிட்டுத்தான் அந்த முடிவுக்கு வரவேண்டும். ஆடை கலைந்திருப்பதை வைத்து வன்முறை நடந்தது என்றும் சொல்ல முடியாது, நடக்கவில்லை என்றும் சொல்ல முடியாது.

நாவலாசிரியர்கள் நடக்காத கொலையைத் தேடினால் பெரிய நஷ்டமில்லை. என் பயம் எதிர்ப்பக்கம். இறந்தவர் பூர்வகுடி, குடித்தும் இருந்தார் என்றால் அந்த விலக்கும் வேலை நடக்காமலே போய்விடலாம்.

1990 நவம்பர் 29 அன்று சாஸ்கட்டூன் நகரின் ஓரத்து வெட்டவெளியில் நீல் ஸ்டோன்சைல்ட் என்ற 17 வயதுப் பூர்வகுடிச் சிறுவன் உறைந்து கிடந்தான். ஒரு காலில் ஷூ இல்லை. சுமார் ஒரு வாரத்தில் போலீஸ் கோப்பை மூடிவிட்டது. 2000 ஜனவரியில் அதே நகரில் இன்னொரு பூர்வகுடி மனிதரைப் போலீஸ்காரர்கள் இருவர் வண்டியில் ஏற்றிப்போய் ஊருக்கு வெளியே கடுங்குளிரில் இறக்கிவிட்டார்கள். அவர் உயிரோடு திரும்பி வந்து பேசினார். அதன் பிறகுதான் பழைய கோப்புகள் திறந்தன. 2004இல் நீதிபதி டேவிட் ரைட் அளித்த விசாரணை அறிக்கை, ஸ்டோன்சைல்ட் அன்றிரவு போலீஸ் காவலில் இருந்ததாகவும், உடலில் இருந்த தடங்கள் கைவிலங்கால் வந்திருக்கக்கூடும் என்றும் சொன்னது. அவன் சாவுக்காக யார் மீதும் குற்ற வழக்கு வரவில்லை.

கனடாவுக்குப் புதிதாக வந்திருக்கும் நம் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. மது சூடேற்றாது. தோல் குழாய்களை விரித்து இருக்கிற சூட்டையும் வெளியேற்றும். உறைந்து கிடப்பவரைக் கண்டால் கைகாலைத் தேய்க்காதீர்கள், உலுக்காதீர்கள். குளிர்ந்த இதயம் ஒரு குலுக்கலில் தாறுமாறாகத் துடிக்கத் தொடங்கிவிடும். படுக்க வைத்தே போர்த்தி, ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். செத்துவிட்டார் என்று நீங்களே தீர்மானிக்க வேண்டாம். 1999இல் நார்வேயில் பனிக்கட்டிக்கடியில் சிக்கிய ஒரு ஸ்வீடன் மருத்துவரின் உடல் வெப்பம் 13.7 டிகிரிவரை இறங்கியது. பிழைத்து மறுபடி வேலைக்கும் போனார்.

இப்போது கையில் இருக்கும் நாவலில் பெண்ணின் பிணம் 12ஆம் பக்கத்தில் வந்தது. 90ஆம் பக்கம்வரை வந்துவிட்டேன். சந்தேகத்துக்குரியவர்கள் நாலு பேர் ஆகிவிட்டார்கள், அவளுடைய முட்டியை இன்னும் யாரும் பார்க்கவில்லை.