டிசபிலிட்டி பென்ஷன் மறுக்கப்பட்டால்

ராணுவத்தை விட்டு வெளியே வரும்போது கடைசியாக நடப்பது ரிலீஸ் மெடிக்கல் போர்டு, அதாவது டாக்டர்கள் குழு உடல்நிலையைப் பரிசோதித்து எழுதும் அறிக்கை. ஊருக்குப் போகிற அவசரத்தில் அந்தத் தாளைப் படிக்காமலேயே கையெழுத்துப் போட்டுவிட்டு வருபவர்கள் அதிகம். உடல் குறைபாட்டுக்காகத் தரும் டிசபிலிட்டி பென்ஷன் உண்டா இல்லையா என்பது பெரும்பாலும் அதிலேயே முடிவாகிவிடுகிறது.

முக்கியமாகப் பார்க்க வேண்டியது இரண்டு விஷயம். குறைபாடு 20 சதவீதமாவது இருக்க வேண்டும். அது பணியால் வந்தது, அல்லது பணியால் அதிகமானது என்று போர்டு எழுதியிருக்க வேண்டும். பணியால் வந்ததும் இல்லை, அதிகமானதும் இல்லை (சுருக்கமாக என்.ஏ.என்.ஏ.) என்று எழுதிவிட்டால், சதவீதம் எவ்வளவு இருந்தாலும் பென்ஷனில் குறைபாட்டுக்கான பங்கு வராது.

உதாரணமாக, பீரங்கிப் படையில் இருந்தவருக்குக் காது மந்தம். 'பீஸ் ஸ்டேஷனில் (போர்ப் பகுதி அல்லாத முகாமில்) தொடங்கியது' என்று ஒரே வரி எழுதி என்.ஏ.என்.ஏ. போட்டிருப்பார்கள். இது போதாது. சேரும்போது நோய் எதுவும் பதிவாகவில்லை என்றால் அவர் ஆரோக்கியமாகவே சேர்ந்தார் என்றுதான் கொள்ள வேண்டும். பணிக்குச் சம்பந்தமில்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு அரசுடையது. போர்டு காரணம் சொல்ல வேண்டும். தரம்வீர் சிங் வழக்கில் 2013-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது இது.

தொகை எவ்வளவு? 100 சதவீதக் குறைபாட்டுக்குக் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம். சம்பளம் 40,000 ரூபாய் என்றால் 12,000. 20 சதவீதக் குறைபாடு என்றால் 2,400தான்; ஆனால் 50-க்குக் கீழே உள்ளதை 50 ஆக உயர்த்திக் கணக்கிடும் விதிப்படி அது 6,000 ஆகும். பணிக்காலம் முடித்து ஓய்வு பெற்றவர்களுக்கும் இது உண்டு என்று ராம் அவதார் வழக்கில் 2014-ல் தீர்ப்பானது. 21.9.2023 முதல் புதிய விதிகள் வந்துவிட்டன. அதற்குப் பிறகு வெளிவந்தவர்கள் இந்தக் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மறுப்புக் கடிதம் வந்தால் ஆறு மாதத்துக்குள் முதல் அப்பீல், அதுவும் போனால் இரண்டாவது அப்பீல், பிறகு ஆயுதப்படைத் தீர்ப்பாயம். சென்னையிலேயே அதன் கிளை இருக்கிறது. அப்பீலுக்கு முன் நம் பணி ஆவணங்களை வைத்திருக்கும் ரெக்கார்ட் ஆபிஸிலிருந்து மெடிக்கல் போர்டு நகலை வாங்கிவிடுங்கள். தரவில்லை என்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். மனு எழுத மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தை அணுகலாம். பல வருஷம் கழித்தும் வழக்குப் போடலாம், ஆனால் நிலுவைத் தொகை பல வழக்குகளில் வழக்குக்கு முந்தைய மூன்று ஆண்டுக்கு மட்டும்தான் கிடைத்திருக்கிறது. தள்ளிப்போட்டால் நஷ்டம் நமக்கு.

சிகிச்சை தனி விஷயம். பென்ஷன் வாங்குபவர்களுக்கு 2003 முதல் இ.சி.எச்.எஸ். என்ற முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டம் இருக்கிறது. அந்தத் திட்டத்தின் பாலிகிளினிக்கில் ரெஃபரல் (பரிந்துரைக் கடிதம்) வாங்கிப் பட்டியலில் உள்ள மருத்துவமனைக்குப் போனால் பணம் கட்ட வேண்டியதில்லை. நெஞ்சுவலி போன்ற அவசரத்தில் எந்த மருத்துவமனைக்கும் போகலாம். பட்டியலில் இல்லாத இடமென்றால் முதலில் நாம் கட்ட வேண்டும். பிறகு அரசு நிர்ணயித்த கட்டண அளவுக்குத்தான் திரும்பக் கிடைக்கும். 48 மணி நேரத்துக்குள் பாலிகிளினிக்குக்குத் தகவல் சொல்லிவிட வேண்டும். வீடு திரும்பும்போது டிஸ்சார்ஜ் சம்மரியோடு, அவசர நிலையில்தான் சேர்க்கப்பட்டார் என்று டாக்டர் எழுதிய சான்றையும் கையோடு வாங்கிவிடுங்கள்.